அட்லாண்டிக் சிட்டி சனிக்கிழமைப் போக்கர் போட்டி: இருநூறு டாலருக்கு எத்தனை நிமிஷம்?

நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் பத்தேகாலுக்கு நியூ ஜெர்சியின் கேசினோ ஊரான அட்லாண்டிக் சிட்டி. பதினோரு மணிப் போட்டிக்குச் சரியாக இருக்கும் என்று நானும் என் பழைய ரூம்மேட்டும் கணக்குப் போட்டோம். கணக்கில் விட்டுப்போனது பதிவு வரிசை. நாற்பது பேருக்கு இரண்டே கவுன்ட்டர், அதில் ஒன்று அட்டை புதுப்பிக்க வந்தவர்களுக்கு. நான் நாற்காலியில் உட்காரும்போது முதல் லெவலில், அதாவது கட்டாயப் பந்தயம் ஏறுவதற்கு முந்தைய முதல் கட்டத்தில், பன்னிரண்டு நிமிஷம் போயிருந்தது.

எந்த கேசினோ என்று எழுதப்போவதில்லை. குறை நிறையச் சொல்வேன், அதே குறைகளை வேறு அறைகளிலும் பார்த்திருக்கிறேன். ஒரே ஒருவரை நிறுத்திவைத்து அடிப்பானேன்? வார இறுதியில் நடக்கும் எந்தச் சின்னப் போட்டிக்கும் கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நுழைவு 200 டாலர். அதில் 165 பரிசுத்தொகைக்கு, 30 கேசினோவுக்கு, 5 சீட்டுப் போடும் டீலர்களுக்கு. சீட்டைத் தொடுவதற்கு முன்பே நூற்றுக்குப் பதினேழரை போய்விடுகிறது. லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட்டைப் பாருங்கள். 2023-ல் 10,043 பேர், தலைக்கு 10,000 டாலர், பரிசுத்தொகை 9,33,99,900 டாலர். வகுத்தால் ஆளுக்கு 9,300. அங்கே பிடித்தம் ஏழு சதவீதம். கையில் குறைவாக வைத்திருப்பவனிடம்தான் விகிதம் அதிகம் பிடிக்கிறார்கள், சில்லறையாகச் சரக்கு வாங்குபவன் கதை மாதிரி. டீலருக்கும் மேஜைக்கும் ஆகிற செலவு டிக்கெட்டைப் பார்த்துக் குறையாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் வலிக்கிறது.

இன்னொரு சங்கதி. பலகையில் 140 என்று ஓடியது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, நுழைவுகளின் எண்ணிக்கை. தோற்றவர் திரும்பப் பணம் கட்டி வரலாம், எட்டாவது லெவல் முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும். நானே இரண்டு பேர். மூன்றாவது லெவலில் ஒரு ஜோடி ராஜாவை நம்பி மொத்தத்தையும் தள்ளினேன், எதிரே ஜோடி ஆஸ். ஐந்தே நிமிஷத்தில் இன்னொரு 200-ஐ எடுத்து நீட்டினேன். வெளியே எடுக்கும்போது அந்தக் கை கொஞ்சமும் தயங்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

இனி தலைப்பில் கேட்ட கேள்வி. போட்டியில் நாம் வாங்குவது நேரம். தொடக்கச் சிப்ஸ் 25,000, பிளைண்டு (ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் முறைவைத்து, சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டும் பந்தயம்) நூறு-நூறு. கேட்க ராஜபோகம். லெவலுக்கு முப்பது நிமிஷம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போட்டி விவரம் போட்ட ஸ்ட்ரக்சர் ஷீட்டின் பின்பக்கம் கீழே, ஒன்பதாவது லெவலில் இருந்து இருபது நிமிஷம் என்று பொடி எழுத்தில். ஆட்டம் கெட்டியாகிற நேரத்தில்தான் யோசிக்க இடம் வேண்டும், அங்கே போய்க் கத்தரியை வைக்கிறார்கள். காரணம் எளிது: மாலை ஏழு மணிக்கு அதே மேஜைகளில் அடுத்த போட்டி.

பதினைந்தாவது லெவலில் பிளைண்டு 4,000-8,000 (இதில் பெரியதுதான் பிக் பிளைண்டு), அதன்மேல் பிக் பிளைண்டு கட்டுபவரே மொத்த மேஜைக்கும் சேர்த்துக் கட்டும் ஆன்ட்டி 8,000. மொத்தச் சிப்ஸ் 35 லட்சம். இருபது பேர் மிச்சம் இருந்தபோது சராசரி 1,75,000, அதாவது இருபத்திரண்டு பிக் பிளைண்டு. சராசரிக்காரனுக்கே மூச்சு முட்டுகிறது, என்னிடமோ 86,000. பணம் பதினைந்து பேருக்கு. இந்தக் கட்டத்தில் திறமை என்று பேசுவதெல்லாம் "எப்போது தள்ளுவது" என்ற ஒற்றைக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

நான் தோற்ற அந்த ஒரு கை ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது பேர் மிச்சம். எனக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்டு, சீட்டைப் போட்டு விலகிவிட்டார்கள். சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தூக்கினேன்: ஸ்பேடு ஆஸ், கிளாவர் ஜாக். "ஆல்-இன்" என்று மொத்தத்தையும் தள்ளினேன். பிக் பிளைண்டு கட்டும் இடத்தில் தொப்பி போட்ட பெரியவர், எழுபத்தைந்து இருக்கும். காலையில் இருந்து ஒரு கையால் சிப்ஸைப் பிரித்துச் சேர்த்துக்கொண்டே இருந்த அந்த கிர்ர் சத்தம் அப்போது நின்றது. என் சிப்ஸை எண்ணச் சொன்னார். டீலர் ஐயாயிரம் ஐயாயிரமாக நான்கு நான்காக அடுக்கி, விரல் நுனியால் சரித்துக் காட்டினார். பெரியவர் பந்தயத்தை ஏற்று ஒரே ஒரு சிப்பை முன்னால் போட்டார். கால். ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ராணி. ஐந்து தடவை ஆடினால் ஏறக்குறைய மூன்று தடவை எனக்கு. நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டான ஃப்ளாப்பில் ஒன்றும் இல்லை, நான்காவதான டர்னில் ஒன்றும் இல்லை. டீலர் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி ஒரு சீட்டை ஒதுக்கி, கடைசிச் சீட்டைத் திருப்பினார். டைமண்ட் ராணி, பெரியவருக்கு ஜோடி.

"நன்றாக ஆடினீர்கள், தம்பி" என்கிற தொனியில் பெரியவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான் எழுந்து அவர் கையைக் குலுக்கினேன். பதினைந்தாம் இடத்துக்கு 340 டாலர், முதலிடத்துக்கு 5,800. எனக்குப் பத்தொன்பதாம் இடமும் 400 டாலர் செலவும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். டீலர்கள் தங்கம். ஒருவர்கூடத் தப்பாகப் பானையை, அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத்தை, பிரிக்கவில்லை, மேஜையில் வாய்ச்சண்டை வந்தபோது அறையை மேற்பார்க்கும் ஃப்ளோர் ஆள் முப்பது வினாடிக்குள் வந்து தீர்ப்புச் சொன்னார். அறைக்குள் புகை இல்லை. ஆனால் அறைக்குப் போக ஸ்லாட் மெஷின்கள் நடுவே நடக்க வேண்டும், அங்கே உண்டு. நியூ ஜெர்சியில் 2006-ல் புகைத்தடைச் சட்டம் வந்தபோது கேசினோவுக்கு விலக்குக் கொடுத்தார்கள். தளத்தில் கால்வாசி இன்னும் ஊதலாம்.

நூறு மதிப்புச் சிப்ஸை மேஜையில் இருந்து எடுக்கிற இடைவேளையில் ஊழியர் ஒருவர் ஒவ்வொன்றாக விளக்கடியில் புரட்டிப் பார்த்தார். என் நண்பன் சிரித்தான். அந்த ஊரில் அதற்கு ஒரு கதை உண்டு. 2014 ஜனவரியில் போர்காட்டா கேசினோவில் 560 டாலர் நுழைவு, இருபது லட்சம் டாலர் உத்தரவாதம் கொண்ட ஒரு பெரிய போட்டி. ஒருவர் கள்ளச் சிப்ஸை உள்ளே நுழைத்துவிட்டு, மிச்சத்தைத் தன் ஹோட்டல் அறைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை அடித்தார். குழாய் அடைத்துக்கொண்டது. ஆள் மாட்டிக்கொண்டார், போட்டியும் பாதியில் நின்றது. ஆன்லைனில் ஏமாற்று அதிகம், நேரில் ஆடினால் பத்திரம் என்று அடித்துப் பேசுபவர்களுக்கு நான் சொல்வது இந்தக் குழாயைத்தான்.

திரும்பும்போது நண்பன் ஓட்டினான். நான் கைபேசியில் ஒரு போக்கர் ஆப்பைத் திறந்தேன், 20 டாலர் போட்டி, 212 நுழைவு. இந்த விமர்சனத்தின் பாதி உண்மையில் அதைப் பற்றியது. பன்னிரண்டு நிமிஷ லெவல், ஆனால் சீட்டுப் போட நேரமே ஆகாததால் மணிக்கு மூன்று மடங்கு கை வருகிறது. வரிசை இல்லை, புகை இல்லை, பிடித்தம் பத்துக்கும் கீழே. பெரியவர் இல்லை, அந்த கிர்ர் சத்தமும் இல்லை.

அதில் உள்ள ஒரே பெரிய குறை ஆப்பை உருவாக்கியவர்கள் கையில் இல்லை. என் வீட்டில் அது திறக்காது. ஸ்டேட்டன் ஐலண்ட் நியூயார்க். பாலத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் சட்டபூர்வம், இந்தப் பக்கம் இல்லை. ஆப் நம் இருப்பிடத்தை விடாமல் சோதிக்கிறது, எல்லையைத் தாண்டினால் துண்டித்துவிடும். நம் சிப்ஸ் மேஜையில் அனாதையாக உட்கார்ந்து பிளைண்டிலேயே கரையும்.

இந்தக் கோடு எப்படி விழுந்தது? 2006-ல் துறைமுகப் பாதுகாப்பு மசோதா ஒன்றின் வாலில் கட்டி ஒரு சட்டத்தை வாஷிங்டனில் நிறைவேற்றினார்கள். ஆடுபவனை அது தொடவில்லை, சட்டவிரோத ஆன்லைன் பந்தயத்துக்கான பணப் பரிமாற்றத்தைப் பிடித்தது. 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை, போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் மூன்றின் ஆன்லைன் போக்கர் தளங்களையும் மத்திய அரசு முடக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நீதித்துறை ஒரு கருத்துரை வெளியிட்டது: தந்தி, தொலைபேசி வழிப் பந்தயத்தைத் தடுக்கும் 1961-ன் வயர் சட்டம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மட்டும்தான் என்று. கேள்வி கேட்டவை போக்கர் நிறுவனங்கள் அல்ல, நியூயார்க், இல்லினாய் மாநிலங்கள், அதுவும் லாட்டரி விற்க! 2019 ஜனவரியில் நீதித்துறை அந்தக் கருத்தைத் தலைகீழாக்கியது. ஆன்லைன் சூதாட்டத்தை ஒழிக்கக் காசைக் கொட்டியவர்களில் முதல் ஆள் ஷெல்டன் ஏடல்சன், அவரே ஒரு கேசினோ அதிபர் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். வழக்குப் போட்டு 2021 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது நியூ ஹாம்ப்ஷயர் லாட்டரி. இரண்டு தடவையும் போக்கர் தப்பித்தது லாட்டரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான்.

நியூ ஜெர்சிக் கதை இன்னும் ருசி. 1976 வாக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் கேசினோ சூதாட்டம் அட்லாண்டிக் சிட்டிக்குள் மட்டுமே நடக்கலாம், அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அப்படியென்றால் பார்க்வே நெடுஞ்சாலையில் காருக்குள் உட்கார்ந்து நான் ஆடுவது? சர்வர் அட்லாண்டிக் சிட்டியில் இருக்கிறது, ஆகவே பந்தயமும் அங்கேதான் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம் என்றார்கள். இந்த வாதத்தை ஏற்காமல் 2011-ல் வீட்டோ போட்ட ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியே 2013 பிப்ரவரி 26-ல் கையெழுத்துப் போட்டார். ஊரில் கேசினோக்கள் தள்ளாடிக்கொண்டிருந்த சமயம். 2014-ல் மட்டும் நான்கு மூடின.

எங்கள் நியூயார்க்? ப்ரூக்ளினில் ஜாக் வைன்ஸ்டீன் என்ற மத்திய நீதிபதி 2012-ல், போக்கரில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேல் என்று நூறு பக்கத்துக்கு மேல் எழுதித் தீர்ப்புச் சொன்னார். வழக்கு ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு கிடங்கின் பின்னறையில் நடந்த ஆட்டம் பற்றியது, எங்கள் ஊர்ப் பெருமை. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அடிபட்டது. 2016-ல் மாநில செனட் ஆன்லைன் போக்கர் மசோதாவை நிறைவேற்றியது, அசெம்பிளியில் படுத்துவிட்டது. ஆனால் 2022 ஜனவரி முதல் அதே கைபேசியில் கால்பந்து ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டலாம், நிறுவன வருவாயில் 51 சதவீதம் அரசுக்கு. போக்கரில் பிடித்தம் சின்னது, வரியும் சில்லறை. அதற்காக யார் மல்லுக்கு நிற்பார்கள்?

போக்கர் கூட்டத்தால் வாழ்கிற ஆட்டம். ஐம்பது பேர் என்றால் 20 டாலர் போட்டி ஒரு சீட்டுக்கட்டு விளையாட்டு, ஐயாயிரம் பேர் என்றால் வாழ்க்கையே மாறும். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக வந்து வேகாஸில் 25 லட்சம் டாலர் ஜெயித்தது அந்தக் கூட்டத்தால். மாநில எல்லையில் வேலி போட்டதும் ஆட்டம் சட்டபூர்வமானது, கூடவே ஒல்லியானது. நெவாடா, டெலவேர், நியூ ஜெர்சி, மிச்சிகன், மேற்கு வர்ஜீனியா, 2025-ல் பென்சில்வேனியா என்று ஒப்பந்தம் போட்டு வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறார்கள். 212 நுழைவு வந்ததே அதனால்தான்.

மதிப்பெண் கேட்பீர்கள். அறைக்கு ஐந்துக்கு மூன்று, டீலர்களுக்காக ஒன்று கூட்டிப் போட்டது. ஆப்புக்கு மூன்றரை, பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால் நான்கு. நேரில் போவதென்றால் மாலைப் போட்டி வேண்டாம், காலையில் போங்கள், ஷீட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், இரண்டாவது 200-ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பார்க்வேயில் 124-வது மைல் வந்தபோது பதினோரு பேர் மிச்சம். அதற்கு அடுத்து அவுட்டர்பிரிட்ஜ் பாலம், பாலத்தின் நடுவே மாநில எல்லை.

"மச்சி, ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்துடா. இன்னும் பதினோரு பேர்தான்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

ராக் பாடகர் ஜான் பான் ஜோவி பெயரை வைத்திருக்கிறார்களே, அதே சர்வீஸ் ஏரியா. நண்பன் காபி வாங்கப் போனான். நான் விளக்குக் கம்பத்தடியில், என்ஜினை அணைத்த காரில், கண்ணாடி பனிமூடக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆனது. ஏழாம் இடம், 152 டாலர். பிறகு பாலம். நியூயார்க்குக்குள் நுழைய மட்டும் அங்கே சுங்கம் வாங்குகிறார்கள். பாதிப் பாலத்தில் ஆப் தானாக மூடிக்கொண்டது.