விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் வகுப்புகளை எங்கே வைப்பது: விசிஎக்ஸ் நூலகமா, பிஆர்ஜி கோப்பா?

மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள நிரலாக்கச் சூழலான விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதன் வகுப்புகள் (பண்புகளையும், மெத்தடுகள் எனப்படும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிய வார்ப்புகள்) அனைத்தும் ஒரே விசிஎக்ஸ் நூலகத்துக்குள், அதாவது வகுப்புகளைச் சேமிக்கும் இருமக் கோப்புக்குள், இருந்தன. இரண்டு ஆண்டுகள் அப்படியே நடத்திய பிறகு, விலைப்பட்டியல், வரி, இருப்பு என்று திரையில் தோன்றாமல் கணக்கை மட்டும் பார்க்கும் வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பிஆர்ஜி கோப்புகளுக்கு, அதாவது சாதாரண உரையாக நிரல் எழுதும் கோப்புகளுக்கு, மாற்றினேன். அந்த முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

பொருள்நோக்கு நிரலாக்கம் 1995இல் 3.0 பதிப்புடன் இந்தச் சூழலுக்குள் வந்தது முதலே இரு வழிகளும் இருக்கின்றன. வகுப்பு வடிவமைப்பானில் உருவாக்கி விசிஎக்ஸ் கோப்பில் சேமிக்கலாம். அல்லது டிஃபைன் கிளாஸ் கட்டளையைக் கொண்டு உரைக்கோப்பில் எழுதலாம். மரபுரிமையும் (தாய் வகுப்பில் உள்ளதைச் சேய் வகுப்பு பெறுவது), தாய் வகுப்பின் மெத்தடை ஓட்டும் டூடீஃபால்ட் அழைப்பும், பிழையைக் கையாளும் எரர் மெத்தடும் இரண்டிலும் ஒரே விதமாகவே வேலை செய்கின்றன. பொத்தான், படிவம், கட்டம் போன்று கண்ணால் பார்த்து இடம் அமைக்க வேண்டியவற்றுக்கு விசிஎக்ஸ் வசதியானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. கட்டத்தின் தலைப்பையும் நெடுவரிசையையும் தனி வகுப்பாக்க வேண்டுமானால் மட்டும், அதை நிரலில்தான் எழுத முடியும்.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: பிழை வந்தால் அது எங்கே இருக்கிறது என்று எவ்வளவு விரைவாகக் காண முடிகிறது? விசிஎக்ஸ் என்பது உண்மையில் ஓர் அட்டவணை. அதன் பண்புகளும் மெத்தடுகளும் விசிடி என்னும் துணைக்கோப்பில் மெமோ புலங்களாக (நீண்ட உரையைக் கொள்ளும் புலங்களாக) கிடக்கின்றன. நம்முடைய தாய் வகுப்பு ஒன்றில், தொகையை எத்தனை தசம இடங்களுக்குத் திருத்துவது என்ற பண்பு 2 என்று இருந்தது. சேய் வகுப்பு ஒன்றைத் திறந்த யாரோ, பண்புச் சாளரத்தில் அதே 2ஐ மீண்டும் தட்டச்சு செய்திருந்தார். மதிப்பு மாறவில்லை என்றாலும், தட்டச்சு செய்த கணமே அது சேய் வகுப்பின் சொந்த மதிப்பாகப் பதிவாகிவிடுகிறது. அதன் பிறகு தாய் வகுப்பைப் பின்பற்றுவதில்லை. பல மாதங்கள் கழித்துத் தாய் வகுப்பில் அதை 3 என்று மாற்றியபோது, ஒரு வகை விலைப்பட்டியல் மட்டும் பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. மெத்தடுகளை வரி வரியாக டிரேஸ் சாளரத்தில் ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை, ஏனெனில் நிரலில் தவறே இல்லை. கடைசியில் விசிஎக்ஸ் கோப்பையே யூஸ் கட்டளையால் அட்டவணையாகத் திறந்து, பண்புகளுக்குரிய மெமோவைப் படித்தபோதுதான் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. மாற்றப்பட்ட பண்புகளைச் சாளரம் தடித்த எழுத்தில் காட்டும்தான். ஆனால் எந்த வகுப்பைத் திறப்பது என்று தெரிந்தவருக்கே அது உதவும். பிஆர்ஜி கோப்பில் அதே வரி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும், பண்பின் பெயரைத் தேடினால் எல்லா வகுப்புகளிலும் உள்ள இடங்கள் ஒரே பட்டியலில் வந்துவிடும்.

மெத்தடுகளிலும் இதே நிலைதான். பொருள் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடில், சேய் வகுப்பில் வெறும் குறிப்புரை ஒன்று மட்டும் இருந்தாலும் தாய் வகுப்பின் இனிட் ஓடாது. டூடீஃபால்ட் என்று அழைத்தால்தான் ஓடும். உரைக்கோப்பில் வெற்று மெத்தடுக்கும் இதே விளைவு உண்டு, ஆனால் அது படிப்பவரின் கண் முன்னே நிற்கும். வடிவமைப்பானிலோ ஒவ்வொரு மெத்தடாகத் திறந்து பார்க்க வேண்டும்.

பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு வரும்போது இடைவெளி இன்னும் விரிகிறது. இருமக் கோப்பில் யார், எதை, எப்போது மாற்றினார் என்று வரிக்கு வரி ஒப்பிட முடியாது. மென்பொருளுடன் வரும் எஸ்சிசிடெக்ஸ்ட் நிரலும், பயனர் சமூகம் உருவாக்கிய ஃபாக்ஸ்பின்2பிஆர்ஜி கருவியும் விசிஎக்ஸை உரையாக்கித் தருகின்றன. பின்னது நம்பகமாகவே இருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் உரையாக்க மறக்காமல் இருக்க வேண்டும் என்ற கூடுதல் ஒழுக்கத்தை அது கேட்கிறது. அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007இல் அறிவித்து, 2015 ஜனவரியில் ஆதரவும் முடிந்துவிட்ட நிலையில், சாதாரண உரைக்கோப்பாக இருக்கும் நிரலே வேறு மொழிக்கு மாறும் நாளிலும் எளிதில் கைக்கு வரும்.

பிஆர்ஜி வழிக்கும் குறைகள் உண்டு. பிஆர்ஜி வகுப்பிலிருந்து விசிஎக்ஸ் வகுப்பை உருவாக்க முடியாது. எதிர்த்திசையில் மட்டுமே மரபுரிமை செல்லும். எனவே வடிவமைப்பானில் பின்னர் தேவைப்படக்கூடிய அடிப்படை வகுப்பை உரைக்கோப்பில் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். நான் பணியாற்றியவை இரண்டு, மூன்று பேர் கொண்ட குழுக்கள் மட்டுமே. விசிஎக்ஸை மையமாகக் கொண்ட பெரிய சட்டகத்தின் மேல் பலர் வேலை செய்யும் இடத்தில், இந்த மாற்றத்துக்கான உழைப்பு பலனைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

மாற்ற முடிவு செய்தவர்கள் கடைக்கோடிச் சேய் வகுப்புகளிலிருந்து தொடங்கித் தாய் வகுப்புகளுக்குப் போக வேண்டும். மரபுரிமையின் அந்த ஒருதிசைப் போக்கே அதற்குக் காரணம். மாற்றியதும் பழைய வகுப்பை விசிஎக்ஸிலிருந்து நீக்குவது கட்டாயம். வகுப்பிலிருந்து பொருளை உருவாக்கும் கிரியேட்ஆப்ஜெக்ட் செயற்கூறு, செட் புரொசீஜர் வழியாகத் திறந்த கோப்புகளுக்கு முன்பாகவே செட் கிளாஸ்லிப் வழியாகத் திறந்த நூலகங்களில் தேடுகிறது. ஒரே பெயரில் இரண்டும் இருந்தால், பிஆர்ஜியில் நாம் செய்யும் திருத்தம் எதுவும் பலிக்காமல் பழைய வகுப்பே ஓடிக்கொண்டிருக்கும். திருத்தியும் மாறவில்லை என்று தோன்றினால், இயங்கும் பொருளின் கிளாஸ்லைப்ரரி பண்பை வாட்ச் சாளரத்தில் இட்டுப் பாருங்கள். அங்கே பழைய விசிஎக்ஸ் கோப்பின் பெயர் தெரிந்தால் காரணம் அதுவே.