நிகோடின் கம் 2 மில்லி கிராம்: வேப்பை விட்ட பிறகு 11 வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரெட், வேப் (பேட்டரியில் ஓடுகிற மின்சிகரெட்) பழக்கத்தை விடுவதற்கு மெல்லுகிற இந்த நிகோடின் கம் வேலை செய்கிறது. ஆனால் சாதாரண சூயிங் கம் மாதிரி சவைத்தால் செய்யாது. விக்கல் வரும், நெஞ்சு எரியும், வயிறு புரட்டும், இதெல்லாம் வீண் செலவு என்று பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் பெட்டிக்கடை வாசலில் போய் நிற்பீர்கள். முதல் வாரம் நானும் எறியத்தான் பார்த்தேன். வேறு யாரும் அப்படி எறிந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தக்கலையில் லேத் பட்டறை வேலை எனக்கு. 16 வருஷம் சிகரெட், ஒரு நாளைக்கு 12 வரைக்கும் போகும். கல்ஃபில் இருக்கிற மச்சான் லீவுக்கு வந்தபோது தீர்ந்ததும் தூக்கிப்போடுகிற டிஸ்போசபிள் வேப் ஒன்று தந்தான். "மாப்ள, இதுல புகை நாத்தம் கிடையாது, சிகரெட்ட தானா விட்டுருவ" என்றான். சிகரெட் குறைந்தது உண்மைதான். ஆனால் சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, எரிந்து தீர்ந்தால் அடுத்ததைப் பற்ற வைக்க வெளியே போக வேண்டும். இதற்கு அது கிடையாது. லேத்தில் பீஸ் மாட்டும்போது ஒரு இழுப்பு, சாயா வரும்வரை நாலு இழுப்பு, ராத்திரி தலையணைக்கு அடியில். எத்தனை இழுத்தேன் என்ற கணக்கே இல்லை. சில நாள் மத்தியானத்துக்குள்ளேயே நெஞ்சு படபடவென்று அடித்து, வாயில் எச்சில் ஊறி, வாந்தி வருகிற மாதிரி இருக்கும். அது நிகோடின் அதிகமாகிப் போனதன் அடையாளம் என்று அப்போது தெரியாது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அது தீர்ந்ததும் பட்டறையிலேயே கழற்றிப் பார்த்தேன். விரல் தடிமனில் ஒரு லித்தியம் பேட்டரி, நாம் உறிஞ்சினால் காற்றோட்டத்தை உணர்ந்து மின்சாரத்தைத் திறந்துவிடுகிற பொட்டு அளவு சென்சார், திரவம் ஊறிய பஞ்சு, நடுவில் ஒரு சின்னக் கம்பிச் சுருள். சுருள் சூடாகும், பஞ்சில் உள்ள திரவம் ஆவியாகும், அதைத்தான் இழுக்கிறோம். கம்பியைச் சுற்றியிருந்த பஞ்சு கருகி வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. அட்டையில் 5 சதவீதம், 10 மில்லி என்று போட்டிருந்தது. கணக்குப் போடுங்கள், மில்லிக்கு 50 மில்லி கிராம், மொத்தம் 500 மில்லி கிராம் நிகோடின். ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் இறங்குவது சுமார் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லி கிராம். இழுப்பதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது, சரி. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்து அசந்துபோனேன். ஐரோப்பிய நாடுகளில் மில்லிக்கு 20க்கு மேல் விற்கவே கூடாது.

இவ்வளவு வீரியம் ஏன் தொண்டையைச் சுடவில்லை? இது புரிந்த பிறகுதான் கம்மும் எனக்குப் புரிந்தது. நிகோடின் இயல்பில் காரத்தன்மை உள்ளது, நிறையச் சேர்த்து அப்படியே இழுத்தால் தொண்டை எரிந்து இருமல் வந்துவிடும். பழைய வேப்களில் அதனாலேயே அளவாகத்தான் போட முடிந்தது. பிறகு பென்சாயிக் அமிலம் மாதிரி ஒன்றைச் சேர்த்து நிகோடினை உப்பாக மாற்றினார்கள், 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற வேப் இதை வைத்துத்தான் பரவியது. அமிலம் சேர்ந்ததும் எரிச்சல் அடங்கிவிடுகிறது, எவ்வளவு வீரியமாக இருந்தாலும் நுரையீரல்வரை வழுக்கிக்கொண்டு போகும். அங்கிருந்து மூளைக்குப் போக 10, 20 விநாடிதான்.

கம்மில் இது தலைகீழ். எங்கள் ஆச்சி வெற்றிலையோடு புகையிலையை மடித்து ஒதுக்கும்போது சுண்ணாம்பு டப்பியைக் காணோம் என்றால் வீட்டையே புரட்டிப்போடுவாள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் போயிலை பிடிக்காது என்பாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், வாயில் காரத்தன்மை இருந்தால்தான் நிகோடின் கன்னத்துச் சதை வழியாக ரத்தத்துக்குப் போகும். கம்மில் சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சோடியம் கார்பனேட் மாதிரி உப்புகள் செய்கின்றன. (புகையிலை ஒதுக்குவது வாய்ப்புற்றுநோயில் கொண்டுபோய் விடும், அதற்குப் பரிந்து பேசவில்லை. கம்மில் புகையிலை இல்லை, நிகோடின் மட்டும்.)

அதனால் மெல்லும் முறை இதுதான். மெதுவாக நாலைந்து கடி. மிளகைக் கடித்த மாதிரி நாக்கில் சுருக்கென்று ஒரு காரம் ஏறும். உடனே நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்க ஒரு நிமிஷம் ஆகும். அடங்கியதும் பக்கம் மாற்றி மறுபடி நாலு கடி. இப்படி அரை மணி நேரம். எச்சிலோடு விழுங்குகிற நிகோடினில் பெரும்பகுதியை ஈரல் முறித்துவிடும், பிரயோஜனம் இல்லை, வயிறுதான் கெடும். முதல் வாரம் நான் செய்தது அதுதான், படபடவென்று சவைத்து விழுங்கினேன்.

இரண்டாவது தப்பு, லெமன் சோடா. மத்தியான வெயிலில் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு உடனே கம் போடுவேன், ஒன்றுமே ஏறாது, போலிச் சரக்கு என்று மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக, "அண்ணே, புளிப்பு, காபி எதுவானாலும் குடிச்சு கால் மணி நேரம் கழிச்சுப் போடுங்க" என்றார். புளிப்பு வாயின் காரத்தன்மையைக் குறைத்துவிடும், அதனால்தான் ஏறவில்லை. மறுநாளே வித்தியாசம் தெரிந்தது.

வேப் மாதிரி பத்து விநாடியில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உச்சத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும், 2 மில்லி கிராமில் பாதிதான் உடம்பில் சேரும். என் கணக்கில் இதுதான் இதன் நல்ல குணம். வெறியைத் தணிக்கிறது, கிறுகிறுப்பைத் தருவதில்லை, அதனால் கை தானாக அடுத்ததைத் தேடுவதில்லை. காலையில் எழுந்த அரை மணிக்குள் புகைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு 2 போதாமல் போகலாம், 4 மில்லி கிராம் உண்டு, அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். சுவைகளில் புதினா பரவாயில்லை, பான் சுவை எனக்குப் பிடிக்கவில்லை. பல் அடைத்திருந்தால் அதில் ஒட்டி இழுக்கும். ஒரு நாள் என் மகள் சட்டைப் பையிலிருந்து எடுத்து மிட்டாய் என்று உறையைப் பிரிக்கப் போனாள், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். குழந்தைகளுக்கு இது விஷம். அன்றிலிருந்து பீரோவுக்கு மேலே ஒரு தகர டப்பாவில்தான்.

வேப்பாலேயே சிகரெட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை, இங்கிலாந்தில் அரசாங்கமே அதற்கு வேப் கொடுக்கிறது. ஆனால் அங்கேயே டிஸ்போசபிளை 2025 ஜூனில் தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் நிலைமை வேறு, தமிழ்நாட்டில் 2018இலும் நாடு முழுக்க 2019இலும் தடை வந்துவிட்டது. விற்றாலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலோ முதல் தடவைக்கே ஒரு வருஷம்வரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், இரண்டுமே கூட விழலாம். திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிற மச்சான்மார் இதைக் கவனிக்க வேண்டும். மச்சான் தந்தது தீர்ந்ததும் ஒரு கடையில் மறைத்து வைத்து விற்றதை வாங்கினேன், 2 சதவீதம் என்று எழுதியிருந்தது, மூன்றாவது இழுப்பிலேயே கருகல் வாடை, தலைசுற்றல். உள்ளே என்ன இருந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

தனியாகச் சமாளிக்க முடியாதவர்களுக்கு 1800112356 என்ற இலவச எண் இருக்கிறது, புகையிலை பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும்.

நான் ஒரு நாளைக்குப் பத்தில் தொடங்கினேன், இப்போது இரண்டு. காலை ஒன்றை அடுத்த வாரம் நிறுத்தப் போகிறேன். சாயங்காலம் பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டு, கால் மணி நேரம் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்து போடுகிற ஒன்றுதான் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது.