போலி ஆய்விதழில் 38,500 ரூபாயை இழந்தேன்: முனைவர் பட்ட ஆய்வாளர்கள் கவனத்திற்கு

நேற்றுப் பிற்பகல் வந்த மூன்று வரி மின்னஞ்சலால், என் 38,500 ரூபாய் போனது உறுதியாகிவிட்டது. பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வேறு எவருக்கும் இது நேரக் கூடாது என்பதால், மனம் ஆறும்வரை காத்திராமல் இன்றே எழுதுகிறேன்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் நீக்கிவிட்டது. ஆனாலும் நான் பதிவு செய்துள்ள பல்கலைக்கழகம், ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழ்களில் இரண்டு கட்டுரைகள் வந்த பிறகே ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸை வாங்கும். என் இரண்டாம் கட்டுரை, முருங்கை விதைத் தூளால் சாயப்பட்டறைக் கழிவுநீரைத் தெளியவைப்பது பற்றியது. இரண்டு கோடை விடுமுறைகளை ஆய்வகத்திலேயே கழித்து, ஒவ்வோர் அளவையும் நானே எடுத்து எழுதியது. இரண்டு இதழ்கள் அதை மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பின. பதிவுக்காலம் முடிய ஓராண்டே இருந்த அந்த நெருக்கடியில்தான், கட்டுரை வெளியிட உதவும் நிறுவனம் ஒன்றின் எண்ணை உடன் பணியாற்றும் ஒருவர் கொடுத்தார்.

பிறர் எழுதிய கட்டுரையை நான் விலைக்கு வாங்கவில்லை. வெளியீட்டுக் கட்டணம், வடிவமைப்பு, மொழித்திருத்தம் என்றுதான் 38,500 ரூபாய் கேட்டார்கள். நான் தயங்கியபோது, "மேடம், எங்களை நம்ப வேண்டாம், ஸ்கோபஸ் தளத்தில் நீங்களே ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுப் பாருங்கள்" என்றார் அங்கே பேசிய பெண். இதழ் ஒவ்வொன்றுக்கும் உரிய அந்த அடையாள எண்ணைப் போட்டேன். இதழின் பெயர், அதை வெளியிடும் கிழக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம், நடப்பு ஆண்டுவரை பட்டியலில் இருப்பது என எல்லாமே சரியாக இருந்தன. அந்த நொடியில் நம்பிவிட்டேன். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டின் மேல் கைபேசியை வைத்து, யுபிஐ வழியாக முழுத் தொகையையும் அனுப்பினேன். நான் சரிபார்த்தது உண்மையான இதழை. கட்டுரையை ஏற்றுவதற்கு அவர்கள் அனுப்பிய இணைப்போ, அதே பெயரையும் எண்ணையும் ஆசிரியர் குழுவையும் திருடி வைத்த போலித் தளம். இத்தகைய தளங்களின் முகவரிகள் ஸ்கோபஸுக்குள்ளேயே புகுந்துவிட்டதால், இதழ்களின் முகப்பு இணைப்புகளையே 2023 இறுதியில் அது நீக்கியிருந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆறே நாளில் ஏற்புக் கடிதம் வந்தது. மதிப்பீட்டாளரின் கருத்து இரண்டே வரி. அப்போதே விழித்திருக்க வேண்டும். மகிழ்ச்சியில் வழிகாட்டிக்கு இனிப்பு கொண்டுபோனேன். கட்டுரை தளத்தில் வந்தது, ஸ்கோபஸில் வரவில்லை. கேட்டால், "இன்டெக்ஸ் ஆக மூன்று மாதம் ஆகும் மேடம்" என்றார்கள். மூன்று மாதம் கழித்து, "ஸ்கோபஸ் பக்கத்தில் தாமதம்" என்றார்கள். பிறகு, பேசிய பெண் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். கடைசியில் ஒருவர், "கட்டுரை வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். கட்டுரைக்கென்று தரப்படும் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயைத் தேடினால் அப்படி ஒன்றே இல்லை. உண்மையான இதழின் ஆசிரியருக்கு எழுதினேன். என் பெயரில் அவர்களுக்கு எந்தக் கட்டுரையும் வரவில்லை, அந்தத் தளம் அவர்களுடையது அன்று என்பதுதான் நேற்று வந்த பதில்.

38,500 ரூபாய் என் ஒன்றரை மாதச் சம்பளம். அதைக்கூட எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். ஆனால் கட்டுரை அந்தத் தளத்தில் கிடக்கிறது; நீக்கச் சொன்னால் பதிலே இல்லை. இனி வேறெந்த இதழுக்கு அனுப்பினாலும் ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒத்துப்பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் என் சொற்களே எனக்கு எதிராக வந்து நிற்கும். இரண்டு கோடைகளின் உழைப்பை எந்தக் காவல்நிலையத்தில் கேட்பது?

விரிவாக ஆலோசனை எழுத எண்ணியிருந்தேன், இப்போது முடியவில்லை. இடைத்தரகர் தரும் இணைப்பில் கட்டுரையை ஏற்றாதீர்கள். அந்த இதழில் ஏற்கெனவே வந்த நான்கைந்து கட்டுரைகளின் டிஓஐ எண்களைச் சொடுக்கி, அவை எந்தத் தளத்தில் திறக்கின்றன என்று பாருங்கள். பணம் கட்டும் முன் வெளியிடும் பல்கலைக்கழகத்துக்கே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பணம் போய்விட்டால் என்னைப்போல் மாதக்கணக்கில் காத்திராமல் அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.