அந்த 41 விநாடிகள்: வைஃபை கேமராக்களோடு மூன்று வருடம்

திருமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மைத்துனன் போன வாரம் போன் செய்தான். "மச்சான், நீங்க வச்சிருக்கிற அதே வைஃபை கேமரா தள்ளுபடியில பாதி விலைக்குக் கிடைக்குது. நாலு வாங்கிப் போட்ரவா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுதி அனுப்புறேன் மாப்ளே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இது. அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

மதுரையில் எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன். கீழே அப்பா, அம்மாவோடு நாங்கள். மேலே குடித்தனம் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் வாசல், போர்டிகோ, மாடிப்படி, பின்பக்கம் என்று நான்கு கேமரா மாட்டினேன். ரூட்டரும், கேமராப் படங்களைப் பதிவு செய்து வைக்கும் பெட்டியான என்விஆரும் ஹாலில். மெகாபிக்சல், நைட் விஷன் விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை. படம் நன்றாகவே வருகிறது. மூன்று மழைக்காலம் தாங்கியிருக்கின்றன. ஒரே ஒரு அடாப்டர்தான் மாற்றினேன். கம்பெனிப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், நான் சொல்ல வரும் குறை எந்தக் கம்பெனிக் கேமராவிலும் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு முட்டி வலி. கேட் வரை போய்த் திரும்ப அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். காலை ஏழு மணிக்குக் கீரைக்கார அம்மா குரல் கொடுப்பார். அம்மா கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்து வாசலுக்கு வருவதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். வாசல் கேமராவில் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. என் மகள் பழைய டேப்லெட்டில் ஆப்பைப் போட்டு, மைக் பட்டனை அழுத்திப் பிடித்துப் பேச ஆச்சிக்குக் கற்றுக்கொடுத்தாள். மறுநாளிலிருந்து அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே "இன்னைக்கு என்ன கீரை வச்சிருக்கே?" என்று கேட்கிறார். கீரைக்கார அம்மா கூடையைக் கேமராவுக்கு நேரே சாய்த்துக் காட்டுகிறார். "அரைக்கீரை ரெண்டு கட்டு கேட்டுல மாட்டிட்டுப் போ, காசு நாளைக்கு வாங்கிக்க." வாங்கும்போது இப்படி ஒரு உபயோகம் என் நினைப்பிலேயே இல்லை. அந்த ஸ்பீக்கர் ஒன்றுக்கே போட்ட காசு தகும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் அது காலை ஏழு மணி. சாயங்காலம் ஏழு மணி வேறு.

இருட்டிய பிறகு பின்பக்கக் கேமராவைத் தொட்டால் திரையில் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். படம் வந்தாலும் மூன்று விநாடி ஓடி உறைந்து நிற்கும். பத்து மணி வரை இப்படித்தான். பத்தரைக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். நெட் ஸ்லோ என்று நினைத்து 40 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்கினேன். எந்த மாற்றமும் இல்லை. இருக்கவும் முடியாது. கேமராவிலிருந்து என்விஆருக்குப் போகும் படம் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. அடைப்பு கேமராவுக்கும் ரூட்டருக்கும் நடுவே இருக்கும் காற்றில் இருந்தது. அது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. புரிய வைத்தது அப்பா விழுந்தது.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அப்பா பின்பக்கம் கிணற்றடியில் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மயக்கம் வந்து விழுந்தாரா, வழுக்கி விழுந்தாரா?" அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. நான் தைரியமாக, "கேமரா இருக்கு டாக்டர், பார்த்துச் சொல்றேன்" என்று வீட்டுக்கு வந்தேன்.

7:42:16. அப்பா கையில் வாளியோடு துவைக்கிற கல்லைத் தாண்டி வருகிறார். இடது கால் முன்னால் இருக்கிறது, வாளித் தண்ணீர் விளிம்பில் தளும்புகிறது. அடுத்த காட்சி 7:42:57. அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார், வாளி கிணற்றுச் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறது. நடுவில் 41 விநாடி இல்லை. முன்னும் பின்னும் நகர்த்தி எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நாளெல்லாம் வெறும் துணிக்கொடியைப் பதிவு செய்துகொண்டிருந்த கேமரா, வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் கைவிட்டுவிட்டது.

மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. காரணம் தெரியாததால் தலைக்கு ஸ்கேன், இதயத்துக்கு இசிஜி, ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்கல். எல்லாம் நல்லபடியாக வந்தது. ஆனால் மயக்கமா, வழுக்கலா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா பின்பக்கம் போனால் அம்மா இப்போதும் கூடவே ஒருவரை அனுப்புகிறார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

விலை குறைந்த வைஃபை கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைவரிசையில் மட்டும் பேசும். 2400-இலிருந்து 2483.5 வரை, மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் 2005-இலிருந்து இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் என் கேமரா, மேல் வீட்டு டிவி, எதிர்வீட்டுப் பையனின் கேம், புளூடூத் எல்லாமே இதற்குள்தான். மைக்ரோவேவ் அடுப்பு கசிய விடுவதும் இதே இடத்தில்தான். ரூட்டரில் 13 சேனல் காட்டும். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒவ்வொன்றும் உட்காரக் கேட்பது 20. ஒன்றோடொன்று இடிக்காமல் இருப்பது என்று பார்த்தால் 1, 6, 11 மூன்றுதான்.

சரி, ஒரு சேனலுக்குள் என்ன நடக்கிறது? ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டு, இடம் காலியானதும் பேச வேண்டும். கடைக்காரர் என்னிடம், "ரூட்டர் 300 எம்பிபிஎஸ் சார், நாலு கேமராவும் சேர்ந்து 12 எம்பிபிஎஸ்தான்" என்றார். கணக்கு சரி மாதிரிதான் தெரிந்தது. ஆனால் 300 என்பது இரண்டு ஆன்டெனா, 40 மெகாஹெர்ட்ஸ் அகலம், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்தால் வரும் எண். என் கேமராவுக்கு ஒரே ஆன்டெனா. போர்டிகோ கேமரா ரூட்டரோடு 65 எம்பிபிஎஸ்ஸில் பேசியது. மூன்று சுவரும் சமையலறையும் தாண்டி இருந்த பின்பக்கக் கேமரா 6.5-இல் பேசியது. அதிலும் காத்திருப்பு, வந்து சேர்ந்தது என்று ரூட்டர் சொல்லும் ஒப்புதல் எல்லாம் போக மிஞ்சுவது நாலு, நாலரைதான். 3 எம்பிபிஎஸ் படத்தை அதற்குள் தள்ள, அந்த ஒரு கேமராவே மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதே படத்தை அனுப்பப் போர்டிகோ கேமராவுக்குப் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

ரேஷன் கடையில் கைரேகை விழாத பெரியவர் முன்னால் நிற்கும்போது என்ன ஆகும்? விரலைத் துடைத்து, மறுபடி வைத்து, இன்னொரு விரல் வைத்து என்று அவர் முயல்வார். அவருக்கும் அதே அளவு அரிசிதான், ஆனால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. என் பின்பக்கக் கேமராவும் அப்படித்தான். அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுபடி அனுப்பும், அதுவும் போகாவிட்டால் இன்னும் மெதுவாக மறுபடி அனுப்பும். வரிசை முழுக்க நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. வாசல் கேமராவுக்கும் பின்பக்கக் கேமராவுக்கும் நடுவே வீடே நிற்கிறது. ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழாது. இடம் காலி என்று நினைத்து இரண்டும் ஒரே நேரத்தில் ரூட்டரிடம் பேசும், இரண்டுமே வீணாகும். இருட்டியதும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடுவதால் பின்பக்கக் கேமரா அனுப்ப வேண்டிய தகவலும் கூடும். சிலந்தி வலை கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், லென்ஸுக்கு முன்னால் ஆடும் ஒவ்வோர் இழையையும் அது அசைவு என்று எண்ணி அனுப்பும். அந்த நேரம் பார்த்துத்தான் தெருவே வேலை முடிந்து வந்து போனைக் கையில் எடுக்கிறது.

நடுவில், வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கினேன். கேமராவில் சிக்னல் முழுக் கோடு காட்டியது, படம் முன்னைவிட மோசமானது. ஒரே ரேடியோ கேமராவிடம் வாங்கி, அதே சேனலில் ரூட்டருக்குத் திரும்பச் சொல்கிறது. ஒரு விஷயத்தை அதே காற்றில் இரண்டு முறை பேசினால் கூட்டம் எப்படிக் குறையும்? அது இப்போது பரணில் இருக்கிறது.

உருப்படியாகப் பலன் தந்தது மூன்று. முதலில், வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற டிவி, லேப்டாப், போன் எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, 2.4-ஐக் கேமராக்களுக்கே விட்டேன். அப்புறம் கேமராவில் படத்தை இன்னும் சுருக்கி அனுப்பும் எச்.265 முறையைப் போட்டு, பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் தகவலை, 3 எம்பிபிஎஸ்ஸிலிருந்து ஒன்றரைக்குக் குறைத்தேன். முகம் அடையாளம் தெரிவதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது, பேச்சு. சுற்றியிருக்கும் ரூட்டர்கள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று காட்டும் வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்தபோது மேல் வீட்டு ரூட்டர் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. எதிர்வீடு சேனல் 3-இல் இருந்தது. ஒரே சேனலில் இருந்தாலாவது ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்து, முறை வைத்துப் பேசலாம். அரைகுறையாக இடிக்கும்போது அது இரைச்சல் மட்டும்தான். மேலே போய், "சார், ஒரு அஞ்சு நிமிஷம் உங்க ரூட்டர் செட்டிங்கைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் காபி கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். அவருக்கு 6, எதிர்வீட்டுக்கு 1, எங்களுக்கு 11, எல்லாருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ். எதிர்வீட்டுப் பையன் மறுநாள் வந்து, "அங்கிள், கேம்ல லேக் குறைஞ்சிருக்கு" என்றான். காசு செலவழித்துச் செய்தவற்றையெல்லாம்விட இந்த அரை மணி நேரம் அதிகம் கொடுத்தது. பக்கத்து வீட்டாரோடு இப்படிப் பேசி வைத்துக்கொள்ள யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லையே என்று வருத்தமாகவே இருக்கிறது.

ஆனாலும் பின்பக்கத்தை நான் காற்றை நம்பி விடவில்லை. கேபிள் இழுத்தேன். கேமராவின் பின்னால் தொங்கும் வால் போன்ற வயர்க்கொத்தில் ஒரு ரப்பர் மூடி இருந்தது. அதைப் பிதுக்கித் திறந்தால் உள்ளே நெட்வொர்க் போர்ட், ஒன்றரை வருடமாகத் தூசு படாமல் புதிதாக. மாடிப்படிக் கேமராவிலும் அப்படியே. கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் சுருளில் இரண்டுக்கும் சேர்த்து 38 மீட்டர் ஆனது. வயர்லெஸ் என்று பெயரே தவிர, இந்தக் கேமராக்களுக்குக் கரண்ட் வயர் எப்படியும் இழுத்தாக வேண்டும். அன்றைக்கே சுவரோரம் பக்கத்தில் இன்னொரு பைப் ஓட்டியிருந்தால் முடிந்திருக்கும். கரண்ட் போகிற பைப்புக்குள்ளேயே கேட்6-ஐ விடக்கூடாது என்று எலக்ட்ரீஷியன் தனிப் பைப்தான் போட்டார். அவர் சொன்னது சரி. நான்கிலும் 128 ஜிபி மெமரி கார்டும் போட்டேன். ஒன்றரை எம்பிபிஎஸ்ஸில் ஒரு நாளைக்கு 16 ஜிபி சொச்சம், ஒரு வாரம் தாராளமாக நிற்கும். கார்டில் பதிவாக ரேடியோ வேண்டாம். அன்றைக்கு அது இருந்திருந்தால் 41 விநாடியும் கிடைத்திருக்கும்.

வாசலும் போர்டிகோவும் இன்னும் வைஃபையில்தான் இருக்கின்றன. நியாயமாகச் சொல்ல வேண்டும்: மெதுவான கேமரா விலகிய பிறகு இந்த இரண்டும் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கும் டேப்லெட்டில் தொட்டதும் படம் வருகிறது. அம்மாவின் கீரை வியாபாரம் தடையில்லாமல் நடக்கிறது.

அதனால், ஹாலுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு என்றால் தாராளமாக வாங்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது அந்த வாளியும் 7:42:16-ம் கண்ணில் வந்து நிற்கின்றன. மாப்ளே, வாங்காதே. உன் வீட்டில் இன்னும் பூச்சு வேலை முடியவில்லை, சுவர் திறந்துதான் கிடக்கிறது. கேபிள் கேமராவாகப் பார். என்னிடம் 62 மீட்டர் மிச்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். கொத்தனாரிடம் சொல்லி, பின்பக்கச் சுவரைப் பூசாமல் நிறுத்தி வை.