ஓடைக்கு நடுவுல நின்னு போன ரோடு: நாலு ஆபீஸ் சேந்து வச்ச பொது மேப்ப மூணு வருஷம் பயன்படுத்தின அனுபவம்

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை ஏத்துற பிக்கப் ஒண்ணு வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். மதியத்துக்கு மேல ஹட்டி ஹட்டியா (இங்க ஊர ஹட்டின்னுதான் சொல்லுவோம்) போய் எடை போடற இடத்துல மூட்டைய ஏத்தி இருட்டறதுக்குள்ள ஃபேக்டரில இறக்கணும், வழில மாட்டிக்கிட்டா மூட்டைக்குள்ளயே இலை சூடேறி செவந்துரும், அப்புறம் அவங்க சொல்றதுதான் வெல. என் ரவுண்டு மூணு கிராமப் பஞ்சாயத்து, ஒரு பேரூராட்சி வழியா போகுது. அதனால எந்த ரோடு தெறந்திருக்கு, எந்தப் பாலத்துல லோடோட போலாம்ங்கறது எனக்கு பொழப்பு சம்பந்தப்பட்ட விஷயம். இந்த நாலு ஆபீஸும் சேந்து ஒரே ரோடு மேப் வச்சுப் பாக்கலாம்னு 2023 தொடக்கத்துல சோதனையா ஆரம்பிச்சதுல நான் மொத நாள்ல இருந்து இருக்கேன். மூணு வருஷம் ஆகப்போகுது, எங்க ஊர்லயும் செய்யலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க, அதான் பொறுமையா எழுதறேன்.

பெரிய திட்டம்னு நெனைக்காதீங்க. டெண்டர், கம்பெனி எதுவும் கிடையாது. எங்க பஞ்சாயத்து ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கற அக்கா ஒருநாள் என் வண்டிய நிறுத்தி, "தம்பி, நீ தெனம் நாலு எல்லையும் தாண்டிப் போறவன், எங்ககிட்ட இருக்கற ரோடு லிஸ்ட்டு சரியான்னு பாத்துச் சொல்றியா"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான் ஆரம்பம். அடிப்படை மேப் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், காசு கிடையாது, யாரு வேணா எடுத்துக்கலாம், அவங்க மேப்புன்னு பேரு போடணும், அத வச்சு திருத்தி வெளியிட்டா அதையும் மத்தவங்களுக்குத் தெறந்து விடணும், இதுதான் முக்கியமான நிபந்தனை. மேப் போடறதுக்கு அனுமதி வேணுமேன்னு ஒரு ஆபீஸ்ல பயந்தாங்க, 2021 பிப்ரவரியிலயே மத்திய அரசு அந்த விதிய தளர்த்திருச்சு, இந்தியக் குடிமக்களும் இந்திய அமைப்புகளும் மேப் போட முன் அனுமதி தேவையில்லன்னு அந்த உத்தரவ எடுத்துக் காட்டுனதும் சம்மதிச்சாங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மேப் வரையறதுக்கு க்யூஜிஐஎஸ்ங்கற இலவச சாஃப்ட்வேர், எங்க ஃபோன்ல அந்த மேப்ப பாத்து வழி தேட ஓஎஸ்எம்ஆண்ட்ங்கற ஆப். பள்ளத்துக்குள்ள எறங்கிட்டா சிக்னலே கிடையாது, அதனால ஆஃப்லைன்ல ஓடற ஆப் இல்லாம இங்க எதுவுமே நடக்காது.

மொத நாள் நாலு பேரோட ரோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பாத்தப்ப தல சுத்திருச்சு. ஒருத்தர்கிட்ட எக்ஸல் ரெஜிஸ்டர், ஒருத்தர்கிட்ட பழைய டோப்போ ஷீட்ட (சர்வே துறை அச்சடிச்ச மேப்) ஸ்கேன் பண்ணி வரைஞ்ச ஃபைல், ஒருத்தர்கிட்ட சுவத்துல மாட்டுன மேப்ப ஃபோட்டோ எடுத்தது. ஒரு பஞ்சாயத்தோட ரோடு மொத்தமும் நூறு மீட்டருக்கு மேல தள்ளி எங்க சித்தப்பா தோட்டத்துக்குள்ள போகுது. யாரோ தப்பா வரைஞ்சுட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தோம், சர்வே வேலைல இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு "வரைஞ்சவன் சரியாத்தான் வரைஞ்சிருக்கான், அடியில இருக்கற அளவு வேற"ன்னாரு. பழைய டோப்போ ஷீட்டு எவரெஸ்ட்னு ஒரு கணக்குல போட்டது, நம்ம ஃபோன் ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84ங்கற கணக்குல ஓடுது, பூமிய ரெண்டும் வேற வேற மாதிரி அளக்கறதால அதே இடத்துக்கு வேற எண் வருது. செட்டிங்ஸ்ல சரியான கணக்க சொன்னதும் ரோடெல்லாம் தோட்டத்த விட்டு அதது எடத்துல போய் உக்காந்துச்சு. நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா மொதல்ல இதப் பாருங்க, இது தெரியாம கையால ரோட்ட இழுத்து இழுத்து வைக்க ஆரம்பிச்சா உள்ளது எல்லாம் கெட்டுப் போகும்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வரேன். எங்க பஞ்சாயத்துக்கும் பக்கத்து பஞ்சாயத்துக்கும் எல்லை ஒரு ஓடை. அந்த ஓடை மேல ஒரு கல்வெர்ட்டு, அதாவது அடியில தண்ணி போக குழாய் வச்ச சின்னப் பாலம் இருக்கு, தெனம் ரெண்டு தடவ அதுல போறேன். எங்க மேப்ல ரோடு இந்தக் கரையோட முடியுது, அவங்க மேப்ல அந்தக் கரையோட முடியுது. நடுவுல பதினோரு மீட்டர் ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. மேப்ல பாத்தா கோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா வழி சொல்ற ஆப்புக்கு ரெண்டு கோடும் ஒரே புள்ளில சேந்திருக்கணும், சேரலன்னா அதுக்கு ரோடு கிடையாது, எதிர்க்கரைல இருக்கற எடை மேடைக்கு என்னைய பதினாலு கிலோமீட்டர் சுத்திப் போகச் சொல்லுச்சு. அது மேப்போட பிரச்சினை மட்டும் இல்லைங்கறது அப்புறம்தான் புரிஞ்சுது. அந்தக் கல்வெர்ட்டுல ஒரு பக்கத்து கைப்பிடிச் சுவர் விழுந்து எத்தன வருஷமோ ஆச்சு, எந்த ஆபீஸ் ரெஜிஸ்டர்லயும் அது இல்லாததால யாரும் எஸ்டிமேட் போடல. டேப்ப எடுத்துக்கிட்டு நானும் அந்தப் பஞ்சாயத்து பையனும் போய் அளந்தோம், உள் அகலம் 2.9 மீட்டர், அடியில ரெண்டு குழாய், ஒண்ணு பாதிக்கு மேல மண்ணு அடைச்சுக் கெடக்கு, மழை வந்தா தண்ணி மேல ஏறி ஓடறதுக்கு அதான் காரணம். மேப்ல ரெண்டு கோட்டையும் சேத்து பாலம்னு போட்டதுக்கு அப்புறம் ரெண்டு ஆபீஸ் லிஸ்ட்டுலயும் அது ஏறுச்சு, அடுத்த வருஷம் குழாய் மண்ண எடுத்தாங்க. சுவர் இன்னும் கட்டல. இந்த மாதிரி எல்லைல விட்டுப் போனது எங்க நாலு பேருக்கும் சேத்து பன்னெண்டு கல்வெர்ட்டு. பன்னெண்டும் எல்லைலதான், உள்ள ஒண்ணு கூட விடுபடல. இந்த மேப்னால கிடைச்சது வேற எதுவுமே இல்லன்னு வச்சாலும் இந்த ஒண்ணுக்கே நான் மறுபடியும் உக்காந்து செய்வேன்.

பேரு பிரச்சினை அடுத்தது. ஒரே ரோடு, ஒரு ரெஜிஸ்டர்ல காலனி ரோடு, இன்னொண்ணுல மாரியம்மன் கோயில் ரோடு, வண்டிக்காரங்க எல்லாருக்கும் அது பெரிய கற்பூர மரம் ரோடு, அந்த மரத்த வெட்டி பல வருஷம் ஆச்சு ஆனா பேரு நிக்குது. இங்க ரோட்டுக்கு சொந்தக்காரங்களும் அதிகம், நெடுஞ்சாலைத் துறை, ஒன்றியம், பஞ்சாயத்து, பேரூராட்சி, வனத்துறை, எஸ்டேட். மொதல்ல ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல ஒவ்வொரு கோட்டுக்கும் தானா வர்ற நம்பரையே வச்சு ஆபீஸ் ஷீட்டோட இணைச்சோம், அது பெரிய தப்பு. ஒரு ரோட்டுல நடுவுல பாலம்னு குறிக்கணும்னா கோட்ட வெட்டணும், வெட்டுனா ஒரு துண்டுக்குத்தான் பழைய எண்ணு இருக்கும், மத்ததுக்கு புதுசா வரும், ஆறு மாசத்துல பாதி இணைப்பு அந்து போச்சு. அப்புறம் நாங்களே ஒரு எண்ணு குடுத்து, அத மேப்லயும் போட்டு, கல்வெர்ட்டு சுவத்துல மஞ்சப் பெயிண்ட்டுலயும் எழுதிட்டோம். இப்ப யாராவது ஃபோன் பண்ணா "அண்ணா, 3-17 பக்கத்துல மரம் விழுந்து கெடக்கு"ன்னு சொல்றாங்க, எந்த மரம் எந்த ரோடுன்னு நான் மறுபடி கேக்க வேண்டியதில்ல.

ஒரு விஷயம் மனசு கஷ்டத்தோட எழுதறேன். கொண்டை ஊசி வளைவுல மேல் ரோடும் கீழ் ரோடும் நேரா அளந்தா இருபது மீட்டர் கூட இருக்காது, ஆனா சரிவு செங்குத்து. சோலை ஓரத்துல நின்னா மரம் மறைச்சு ஜிபிஎஸ் அதே அளவு தள்ளிக் காட்டும். எங்க ஹட்டிக்குப் போற பாதை பிரியற எடத்த நான்தான் ஃபோன வச்சு குறிச்சேன், அது மேல் வளைவுல போய் ஒட்டிக்கிச்சு, நான் திரும்பப் பாக்கல. ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெஞ்சு வலின்னு ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம், அந்தப் புள்ளிய அனுப்புனோம், வண்டி கரெக்டா புள்ளிக்கு வந்து மேல நின்னுச்சு, நாங்க கீழ நிக்கறோம், வண்டி லைட்டு மரத்துக்கு நடுவுல தெரியுது. திருப்பி எடுத்துக்கிட்டு அடுத்த வளைவு சுத்தி வர்றதுக்கு அந்த ரோட்டுல எடம் இல்ல. மாமாவ கம்பளில வச்சு நாலு பேரா தேயிலைச் செடி நடுவுல மேல தூக்கிட்டுப் போனோம், இருபது நிமிஷம் ஆச்சு. மாமா இப்ப நல்லா இருக்காரு. மறுநாளே எல்லா கொண்டை ஊசியையும் ஒண்ணொண்ணா போய்ப் பாத்தோம், இப்ப வெறும் ஃபோன் புள்ளிய யாரும் ஏத்தறது இல்ல, சாட்டிலைட் படத்துல கையால வச்சு, எந்த ரோட்டு எண்ணோட சேருதுன்னு எழுதி, மேலயா கீழயான்னு இன்னொருத்தர் போய்ப் பாத்து ஓகே சொன்னாத்தான் ஏறும். 2024 ஜனவரில கூடலூர்ல ஒரு கார் மேப்ப நம்பி படிக்கட்டுல எறங்கி நின்னுச்சு, பேப்பர்லயெல்லாம் வந்துச்சு, மலைல ஒரு கோடு தப்பாப் போனா என்ன ஆகும்னு அப்ப எல்லாரும் பேசுனாங்க.

பஸ் டைமிங் சேக்கறது பாதி வெற்றிதான். இதுக்கு ஜிடிஎஃப்எஸ்னு ஒரு முறை இருக்கு, அமெரிக்காவுல போர்ட்லண்ட் நகரத்து பஸ் நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேந்து 2005ல ஆரம்பிச்சது, இன்னிக்கு உலகம் பூரா அதான். பயப்பட ஒண்ணும் இல்ல, ஸ்டாப் ஒரு ஃபைல், ரூட் ஒரு ஃபைல், எந்த ட்ரிப் எந்த ஸ்டாப்புக்கு எத்தன மணிக்கு வருதுன்னு ஒரு ஃபைல், எல்லாம் எக்ஸல்ல தெறக்கற டெக்ஸ்ட்டுதான். நாங்க ஸ்டாப்புல நின்னு கண்டக்டர்கிட்ட கேட்டு எழுதுனோம். ஏறும்போது ஆகற நேரமும் எறங்கும்போது ஆகற நேரமும் வேற, அதனால ரெண்டு பக்கமும் தனித்தனியா எழுதணும், ஒரு பக்கத்த எழுதி திருப்பிப் போட்டா தப்பாயிரும். நைட் ஹால்ட் பஸ்ஸுதான் ரொம்ப உபயோகமாச்சு, ராத்திரி கடைசில வந்து ஊர்லயே நின்னு காலைல மொதல்ல கெளம்பற பஸ்ஸு எந்தெந்த ஹட்டில இருக்குன்னு நாலு ஆபீஸ் எல்லைக்கும் சேத்து பாத்தப்பதான், எல்லைய தாண்டி ஒரு கிலோமீட்டர் நடந்தா காலேஜுக்கு பஸ் இருக்குன்னே எங்க ஊர் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுது. ஆனா டைம் மாறுனா யாரும் சொல்றது இல்ல, நாங்களாத்தான் திரும்ப நிக்கணும்.

சீசன்ல இந்த மேப் சரியா வேல செய்யல, அதையும் சொல்லிடறேன். மே மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறற வண்டி குன்னூர் வழியா, எறங்கற வண்டி கோத்தகிரி வழியான்னு ஒன்வே பண்ணிடுவாங்க, அந்தக் கொஞ்ச நாளைக்கு மட்டும் மாறற விதிய மேப்ல போட்டா எடுக்க மறந்துடுவோம், போடாம விட்டா ஆப் தப்பு வழி காட்டும். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து நீலகிரிக்கு சாதாரண நாள்ல 6000 வண்டி, வார கடைசில 8000 வண்டின்னு கணக்கு வச்சாங்க. செக்போஸ்ட்ல எத்தன வண்டி வருதுன்னு தெரியுது, உள்ள வந்த வண்டி மெயின் ரோடு நெரிசல்னா எங்க பஞ்சாயத்து ரோட்டுக்குள்ள எவ்வளவு நுழையுதுன்னு இந்த மேப்ல எங்களால காட்ட முடியல, அதுக்கு தனியா எண்ணணும்.

மனுஷங்க விஷயம்தான் எல்லாத்தையும் விட கஷ்டம். ஒரு ஆபீஸ்ல இத பாத்துக்கிட்டு இருந்தவங்க ட்ரான்ஸ்ஃபர்ல போனாங்க, பாஸ்வேர்டும் அவங்களோடயே போயிருச்சு, ஏழு மாசம் அந்தப் பக்கம் ஒரு கோடு கூட மாறல. 2025 ஜனவரில ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தப்ப, ரெண்டு தலைவர்களோட பழக்கத்துல மட்டுமே ஓடிக்கிட்டு இருந்த விஷயம் எல்லாம் நின்னுச்சு. அப்ப எங்கள காப்பாத்துனது ஆபீஸ் ஷீட்டுல இருந்த ஒரே ஒரு பத்திதான், ஒவ்வொரு ரோட்டுக்கும் கல்வெர்ட்டுக்கும் பக்கத்துல கடைசியா நேர்ல பாத்த தேதி, பாத்தவங்க பேரு. ஆறு மாசம் தாண்டுனா மேப்ல அந்த எடம் தானா சாம்பல் கலர் ஆயிரும், க்யூஜிஐஎஸ்ல ஒரு கண்டிஷன் போட்டா போதும். ஒரு பக்கம் பூரா சாம்பலா இருந்தா அங்க போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுப் போவேன். அழகா தேதியே இல்லாம இருக்கற மேப்ப விட சாம்பலா கெடக்கற மேப்ப நான் நம்புவேன்.

மழைக்கும் இதுதான் தேவை. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அடிக்கும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 911 மில்லிமீட்டர் கொட்டுச்சு. எங்க கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திகைலதான் பயம், 2009 நவம்பர்ல நாப்பது பேருக்கு மேல மண்ணுக்குள்ள போனத இங்க யாரும் மறக்கல. போன அக்டோபர்ல ஒரு சரிவு விழுந்த அன்னிக்கு அக்கா ஃபோன் பண்ணி "தம்பி, 2-09 தெறந்திருக்கா, பால் வண்டி வரணும்"னாங்க. நான் அந்தப் பக்கம் போகவே இல்ல, ஆனா மேப்ல அடுத்த பஞ்சாயத்து பையன் மூணு நாள் முன்னாடி பாத்ததா தேதி இருந்துச்சு, அவனக் கேட்டேன், அவன் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தான், ஜீப் போகும் லாரி போகாதுன்னு சொன்னான், பால் வண்டிய மாத்தி விட்டோம்.

இந்த வருஷம் அக்டோபர் மழைக்கு முன்னாடி அந்தப் பன்னெண்டு எல்லைக் கல்வெர்ட்டுக்கும் புதுத் தேதி போடணும். ஏழு முடிஞ்சுது. மீதி அஞ்சுல ரெண்டு எஸ்டேட் ரோட்டுக்குள்ள இருக்கு, கேட்ல கேட்டுட்டுத்தான் போகணும், ஞாயித்துக்கெழம இலை லோடு இல்ல, அன்னிக்கு டேப்பும் மஞ்சப் பெயிண்ட்டும் எடுத்துக்கிட்டு போறோம்.