தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம்: கல்யாணம் நின்றுபோன ஒருத்தியின் பார்வையில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ராத்திரியில் கண்ணீரைத் துடைத்து அனுப்புகிற இடம் தேடுகிறவர்களுக்கு இது ஆகாது. ஜெபக் கூட்டங்களில் மாதிரி தலையில் கைவைத்துத் தள்ள மாட்டார்கள், கடவுள் எனக்கு இதைச் செய்தார் என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லக் கூப்பிட மாட்டார்கள். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் இருக்கிற சச்சிதானந்த ஆசிரமம், கத்தோலிக்கத் துறவிகளுடையது. பொதுவாகச் சாந்திவனம் என்றுதான் சொல்வார்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் மீதி புரியும். நாங்கள் நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம், அதாவது தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். பல வருஷப் பழக்கம், இரண்டு வீட்டிலும் சம்மதம், நிச்சயம் முடிந்தது, கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலையும், அதாவது கல்யாண அறிவிப்பும், வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முன்னால் மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டான். காரணம் இன்றுவரை முழுசாகத் தெரியாது. ஓலை வாசித்தபிறகு நின்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

இதற்கு எங்கள் ஊரில் வழக்கமான வைத்தியம் ஒன்று உண்டு, உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போவது. ஒரு ஜெப வீடு, பேர் வேண்டாம். அங்கே இருந்த ஊழியக்காரர், "மன்னிக்காததுதான் உன் வியாதி, இப்பவே மன்னிச்சிட்டேன்னு மூணு தரம் சத்தமாச் சொல்லு" என்றார். சொன்னேன். வீட்டுக்கு வந்து அவனுடைய வாட்ஸ்அப் டிபியைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த மிஸ் ஒருத்தர்தான் சாந்திவனத்தைச் சொன்னார். அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. "ஏட்டி, அங்க ஓம் போட்டிருக்காம்லா, திருநீறு பூசுவாகளாம்லா? நம்ம ஐயருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு?" என்றாள். ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர். அப்பா மட்டும், "போயிட்டு வரட்டும், இங்க இருந்து என்ன செய்யப்போறா" என்றார்.

அம்மா கேள்விப்பட்டது பொய்யில்லை. ஓம் இருக்கிறது. கோயிலே நம் ஊர் சிவன் கோயில் மாதிரி கோபுரமும் விமானமுமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். விமானத்தில் மாதாவும் அப்போஸ்தலர்களும். உள்ளே மூலஸ்தானம் இருட்டாக இருக்கும். நாளுக்கு மூன்று வேளை ஜெபம். சமஸ்கிருத மந்திரம், தமிழ்ப் பாட்டு, உபநிஷத்திலிருந்தோ தேவாரம் திருவாசகத்திலிருந்தோ ஒரு வாசிப்பு, பைபிளிலிருக்கிற சங்கீதப் பாட்டு, பைபிள் வாசிப்பு, ஆரத்தி. காலையில் சந்தனம், மத்தியானம் குங்குமம், சாயங்காலம் விபூதி. சந்தனம் உடம்பைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பதற்கு, குங்குமம் ஞானக்கண்ணுக்கு, விபூதி பாவம் எரிந்துபோனதற்கு என்று விளக்கம் சொல்கிறார்கள். இதெல்லாம் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் போகவேண்டாம், அங்கே உட்கார்ந்து மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். எனக்குச் சந்தனம் சீக்கிரம் பழகிவிட்டது. விபூதித் தட்டு வரும்போது மட்டும் கடைசிவரை கைகூப்பிவிட்டு அடுத்தவரிடம் நகர்த்திவிட்டேன். பூசையில் கொடுக்கிற அப்பமான நற்கருணையும் வாங்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் இந்த இடத்துக்கு நல்ல மார்க் போடுவதே அந்தக் கேட்காமைக்காகத்தான். எங்கே வேலை, ஏன் தனியாக வந்தாய், கல்யாணம் ஆச்சா, எதுவும் இல்லை. இது பெனடிக்ட் சபைத் துறவிகளின், அதிலும் கமல்தோலி பிரிவின் ஆசிரமம். வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்று புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கிலேயே இருக்கிறது. விருந்துக்கு வந்த கிறிஸ்துவிடம் போய் மாப்பிள்ளை ஏன் வேண்டாம் என்றான் என்று யார் கேட்பார்கள்?

விடியும்போதும் பொழுது சாயும்போதும் தியானத்துக்கு என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் நிற்பதில்லை. பேசாமல் உட்காரவேண்டியதுதான். ஆரம்பத்தில் எனக்கு அது நரகம். உள்ளே ஓடினது முழுக்க அவனிடம் கேட்க நினைத்த கேள்விகள்தான். பிறகு அதையெல்லாம் கர்த்தரிடம் கேட்க ஆரம்பித்தேன், கோபமாகவே.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு காய் நறுக்க உட்காரலாம். எனக்கு வாய்த்தது பெரும்பாலும் முருங்கைக்கீரை. ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. ஈர்க்கு ஈர்க்காக உருவணும், பழுத்த இலையைப் பொறுக்கணும், பூச்சிக்கூடு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கணும். விரலெல்லாம் பச்சை. பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்கார அம்மா காம்போடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருப்பார், நான் எடுத்துப்போடுவேன், சிரிப்பார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷில் அழ வராது. அந்த நேரம் முழுக்க போன் கையில் இல்லை, அது எங்கே கிடக்கிறது என்றுகூட ஞாபகம் இல்லை. ஜெப வீட்டில் போட்ட சத்தத்தைவிட எனக்கு மருந்தாகக் கேட்டது இந்தக் கீரைதான் என்று சொன்னால் எங்கள் சபையில் கோபித்துக்கொள்வார்கள்.

ஆனால் விசுவாசம் இல்லாமல் கீரை மட்டும் ஆய்ந்தால் போதுமா என்றால், என் விஷயத்தில் போதாது. அறையில் என் பழைய பைபிளை எடுத்துச் சங்கீதம் 55 வாசித்தேன். நிந்தித்தவன் எதிரி என்றால் தாங்கியிருப்பேன், நீயல்லவா, என் தோழன் அல்லவா என்று தாவீது கதறுகிற இடம். ஞாயிறு பள்ளியில் 23, 91, 121 எல்லாம் மனப்பாடம் பண்ணினோம், இதை யாரும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதுவும் பரிசுத்த வேதாகமத்தில்தான் இருக்கிறது, யாரும் அதை வெட்டி எறியவில்லை. அழுதால் விசுவாசக் குறைவு என்று எனக்குச் சொன்னவர்கள் இதை எப்படித் தாண்டிப்போனார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

நூலகத்தில் உட்கார்ந்து இந்த இடத்தின் கதையையும் படித்தேன். 1950இல் ஜூல் மொன்ஷானின், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் ஆரம்பித்தது. மொன்ஷானின் அதற்கு முன்னாலேயே குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்தவர். இந்தியத் துறவிகள் வருவார்கள் என்று காத்திருந்தார், வந்து நிலைத்தவர்கள் இல்லை. உடம்பு முடியாமல் பிரான்சுக்கு அனுப்பினார்கள், 1957இல் பாரிஸில் இறந்துபோனார். லெ சோ, அதாவது அபிஷிக்தானந்தா, பிறகு இமயமலைப் பக்கம் போய்விட்டார். 1968இல் கேரளத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் வந்தபிறகுதான் உலகம் முழுக்கப் பேர் தெரிந்தது. அவர் 1993இல் இறந்தார், சமாதி இங்கேயே இருக்கிறது. மக்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். எனக்கு மொன்ஷானின் மேல்தான் மனசு ஒட்டிக்கொண்டது. நினைத்தது ஒன்றும் நடக்காமலே போனவர். அவர் ஆரம்பித்த இடத்தில்தான் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

சாப்பாடு சைவம், தரையில் உட்கார்ந்து, பேசாமல். மத்தியானம் ஒருவர் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறோம். தட்டை நாமே கழுவவேண்டும். அறை எளிமை, கட்டில், மேசை, அவ்வளவுதான் தேவையும். என்னிடம் கட்டணம் என்று கேட்கவில்லை, முடிந்ததைக் காணிக்கையாகக் கொடுத்தேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது, குளிர்காலத்தில் வெளிநாட்டவர்கள் அதிகம். திருச்சி–கரூர் ரயில் பாதையில் குளித்தலை ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ.

இது ஆஸ்பத்திரி இல்லை, கவுன்சலிங் சென்டரும் இல்லை. தூக்கமே இல்லாமல், சாகலாம் போல இருக்கிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை எடுக்கிறவர்கள் ஜெபத்தை நம்பி அதை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பேச ஆள் வேண்டும், தோளில் சாய ஆள் வேண்டும் என்கிற நிலையிலும் இது ஒத்துவராது, தனிமை இன்னும் கடிக்கும். அழுது ஓய்ந்து, பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இருக்கிறவர்களுக்குச் சரியான இடம். நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க் குறைத்தது ஆசிரமத்துக்காக இல்லை, காவிரியில் அப்போது தண்ணீர் இல்லை, மணல்தான் கிடந்தது. ஆடிப் பக்கமாகப் போகிறவர்களுக்குத் தண்ணீரும் கிடைக்கலாம். கொசுவத்தி, டார்ச், முழுக்கைச் சட்டை எடுத்துப்போங்கள்.