சூப்பர் மரியோ பிரதர்ஸ்: ஜம்ப்புக்கு நூற்றுக்கு நூறு, 7-4 கோட்டையை மட்டும் மன்னிக்க முடியாது

கன்ட்ரோலரின் உள் ரப்பரை மாற்றிவிட்டேன் என்று ஒரு நண்பரிடம் சொல்லப்போக, அவர் திருப்பிக் கேட்டார்: "இன்னுமா அந்தப் பழைய மரியோவை ஆடுறீங்க? அப்ப நானும் ஆரம்பிக்கலாமா?" தாராளமாக ஆரம்பியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் 7-4, அதாவது ஏழாம் உலகத்தின் நான்காவது லெவல், நினைவுக்கு வந்துவிட்டது. நின்று, யோசித்து, எழுதியே சொல்கிறேன் என்றேன்.

எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நான்கு லெவல், நான்காவது லெவல் கோட்டை என்பதெல்லாம் ஆடாதவர்களுக்கும் தெரியும். நேராக ஜம்ப்புக்கு வருகிறேன். இத்தனை காலம் ஆடிய பிறகும் இந்த கேமை விடாமல் வைத்திருக்க எனக்கு ஒரே காரணம் அதுதான்.

ஏ பட்டனை அழுத்தினால் மரியோ குதிப்பான். எவ்வளவு உயரம் என்பது நாம் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பட்டனை விடாமல் வைத்திருக்கும்வரை, மேலே போகிறவனைக் கீழே இழுக்கும் விசை குறைவாக இருக்கும். விட்ட கணமே அது கூடிவிடும். ஓடி வந்து குதித்தால் உயரம் இன்னும் கொஞ்சம் ஏறும். அந்தரத்தில் இருக்கும்போதே இடமோ வலமோ தள்ளலாம், ஆனால் ஓடி வந்த வேகம் லேசில் விட்டுக்கொடுக்காது. 1981இல் வந்த டாங்கி காங் என்ற கேமில் இதே மரியோ குதித்தால் குதித்ததுதான், தரையைத் தொடும்வரை நமக்கு அவன் மேல் எந்தப் பிடியும் கிடையாது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசூகாவும் அடங்கிய, இந்த கேமை உருவாக்கிய குழு நான்கே ஆண்டில், 1985க்குள், அந்தக் குதியை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

கையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வலது கட்டைவிரலின் நுனி, ஓடுவதற்காக, பி பட்டன் மேல் அழுந்தியபடியே இருக்கும். அதே விரலின் மடிப்பு ஏ பட்டன் மேல் சாயும், எழும். விரலைத் தூக்கவே வேண்டாம், லேசாக உருட்டினால் போதும். எதிரே நடந்து வரும் கூம்பா என்ற எதிரியின் தலைக்குச் சின்னதாக ஒரு தட்டு, உயரமான பைப்புக்கு நீளமாக ஒரு பிடி, ஆமையை மிதித்து எழும்போது இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு. கொஞ்ச நாளில் அளவு பார்க்கும் வேலையை மூளை விரலிடம் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு 1-1இல் ஓடுவது என்பது ஒரே மூச்சில் நடக்கிற காரியம். இந்தச் சுகத்தை எனக்கு வேறு எந்த கேமும் இதே அளவுக்குக் கொடுத்ததில்லை.

ரப்பர் கதைக்கு இங்கேதான் வேலை. இந்த கேம் ஓடும் நிண்டெண்டோ கன்சோலான என்இஎஸ்ஸின் கன்ட்ரோலரைத் திறந்தால் பட்டன்களுக்கு அடியில் குமிழ் குமிழாக ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் கருப்பாக ஒரு கரி வட்டம். பட்டனை அழுத்தும்போது அந்த வட்டம் கீழே உள்ள பலகையில் இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கிறது, அவ்வளவுதான். கரி தேய்ந்துபோனால் தொடர்பு விட்டு விட்டு வரும். வேறு கேமில் இது பெரிய விஷயமே இல்லை. ஒரு முறை அழுத்தியது பதிவாகிவிட்டால் அங்கே போதும். இங்கே பிடித்திருப்பதுதான் கணக்கு. திரையில் விநாடிக்கு 60 படம், அதாவது 60 பிரேம் ஓடுகிறது. அதில் ஒரே ஒரு பிரேமில் தொடர்பு விட்டுப்போனாலும் பட்டனை விட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு கேம் ஜம்ப்பை அங்கேயே அடக்கிவிடும். அடுத்த பிரேமில் தொடர்பு திரும்ப வந்தாலும் பயனில்லை, அந்த ஜம்ப்புக்குக் கூடிய விசை கூடியதுதான். எட்டாம் உலகத்தின் அகலமான குழிகளில் இப்படிப் பாதியில் அடங்கிய ஜம்ப்பால் விழுந்து விழுந்து வெறுத்துப்போய்த்தான் ரப்பரை மாற்றினேன்.

மாற்றிய அன்று ஆடியபோது கை ஒரு கணம் தடுமாறியது. ஏனென்றால் நினைத்த உயரம் அப்படியே வந்தது. தேய்ந்த ரப்பருக்குப் பழகி, தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்த விரல் தானாகத் தளர்ந்தது. பழைய கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் செலவு செய்யும் முன் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். பலகையில் உள்ள தடங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள்.

சரி, ஜம்ப் இவ்வளவு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அதை நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா? சொல்லிக்கொடுக்கிறது, அதுவும் ஒரு வார்த்தை பேசாமல். 1-1இன் தொடக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இடதுபக்கம் நிற்கிறோம், வலதுபக்கம் வெற்றிடம். போகவேண்டிய திசை தெரிந்துவிட்டது. எதிரே ஒரு கூம்பா வருகிறது. தொட்டால் சாவோம், குதித்தால் பிழைப்போம். மேலே கேள்விக்குறிக் கட்டை. முட்டினால் காளான் வெளியே வந்து வலதுபக்கம் ஓடுகிறது, முதல் பைப்பில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. பயந்து விலகப் பார்த்தாலும் பெரும்பாலும் நம் மேல் பட்டுவிடும். பட்டதும் மரியோ பெரியவனாகிறான். கெட்டது எது, நல்லது எது என்ற பாடம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்த லெவலின் பிற்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும். நடுவில் தரை இருக்கும், தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து அதேபோல இன்னொரு ஜோடி. இந்த முறை நடுவில் குழி. முதலில் ஆபத்தில்லாமல் பழகவிட்டு அப்புறம்தான் ஆபத்தைக் காட்டுகிறது. இந்த கேம் ஆடுகிறவருக்குக் கொடுக்கும் மரியாதை இது. நீ செத்தால் அதற்கு உன் கண் முன்னால் ஒரு காரணம் இருக்கும், அடுத்த முறை அதைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லாமல் சொல்கிறது. ஆறு உலகம் தாண்டியும் அந்த வாக்கு பெரிதாக மீறப்படுவதில்லை.

7-4இல் அது உடைகிறது.

கோட்டைக்குள் நுழைகிறோம். அடுக்கடுக்கான பாதைகள். ஒன்றைப் பிடித்துப் போகிறோம். போகிறோம், போய்க்கொண்டே இருக்கிறோம். சற்றுமுன் தாண்டிய அதே இடம் திரும்ப வருகிறது. என்ன நடக்கிறது என்றால், ஒரு பகுதியில் மூன்று இடங்களில் சரியான அடுக்கில் இருந்திருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த பகுதிக்கு விடும். முதல் இடத்திலேயே தவறியிருந்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாது. மூன்றையும் தாண்டவிட்டுப் பிறகு சத்தமில்லாமல் முதலிலிருந்து ஆரம்பிக்கவைக்கும். தவறு எங்கே நடந்தது, ஒரு இடத்திலா மூன்றிலுமா, எதுவும் தெரியாது. பின்பக்கம் போய்ப் பார்க்கவும் வழியில்லை, இந்த கேமில் திரை இடதுபக்கம் நகரவே நகராது. மேலே நேரம் குறைந்துகொண்டே வருகிறது. நூறைத் தொட்டதும் இசை வேகமெடுத்து நெஞ்சைப் பதறவைக்கிறது. எந்தக் கையசைவும் இங்கே உதவாது. உலகத்திலேயே அருமையான ஜம்ப்பைக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு வேலையே இல்லாத ஓர் அறையில் பூட்டிவைக்கிறார்கள்.

எனக்கு வருகிற கோபம் கடினத்தின் மேல் இல்லை. 8-3இல் வரிசையாக வந்து சுத்தியல் வீசுகிறவர்கள் இதைவிடக் கடினம், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சுத்தியல் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, எங்கே நின்றால் படாது என்று கற்றுக்கொள்ள முடிகிறது. 7-4இல் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. மனப்பாடம் செய்யத்தான் முடியும். ஒரு தடவை மனப்பாடம் ஆகிவிட்டால் அந்த லெவலில் மிச்சம் இருப்பதும் குறைவு. 4-4இல் இதன் எளிய வடிவம் வருகிறது என்பது உண்மைதான். அதை முன்னெச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் நாம் வெளியே வருவது பெரும்பாலும் ஊகத்தால்தான், புரிந்துகொண்டு வருவதில்லை. 1-1இன் இரண்டு படிக்கட்டுகளை வைத்தவர்கள் இதையும் வைத்தார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

போதாக்குறைக்கு, கோட்டைகள் எதிலும் நடுவழியில் தொடரும் இடம் கிடையாது. உயிர்கள் தீர்ந்தால் 7-1இலிருந்து வர வேண்டும். பீரங்கிக் குண்டுகளைத் தாண்டி, 2-2ஐப் போன்ற நீருக்கடி லெவலை நீந்தி, 2-3ஐப் போன்ற பாலத்தில் பாயும் மீன்களுக்கு நடுவே ஓடி, எல்லாம் முடித்து மறுபடி அதே வளையம்.

நியாயமாகவும் பேச வேண்டும். முழு கேமும் 40 கிலோபைட். மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நீந்தும் சத்தமும் ஆமையை மிதிக்கும் சத்தமும் ஒன்றே. பைப்பில் இறங்கும் சத்தம்தான் அடிபட்டுச் சின்னவனாகும்போதும் வருகிறது. அவ்வளவு இறுக்கத்தில் வேலை பார்த்தவர்களிடம் இன்னும் ஒன்று ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பது சுலபம். ஆனால் நான் கேட்பது புதிதாக ஒன்றை அல்ல. இருக்கிற நாணயச் சத்தத்தையே சரியான அடுக்கில் போகும்போது ஒலிக்கவிட்டிருந்தால் போதுமே! ஆடுகிறவர் காதால் வழி கண்டுபிடித்திருப்பார். 1993இல் சூப்பர் மரியோ ஆல்-ஸ்டார்ஸில் இந்த கேமைத் திரும்ப வெளியிட்டபோது அதைத்தான் செய்தார்கள். சரியான வழிக்கு ஒரு ஒலி, தவறான வழிக்கு ஒரு ஒலி. குறை குறைதான் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் அந்தப் பதிப்பையே ஆடலாமே என்று கேட்பீர்கள். ஆடிப் பார்த்தேன். செங்கல்லை முட்டி உடைக்கும்போது மூலக் கேமில் மரியோ உடனே கீழே திரும்புவான். ஆல்-ஸ்டார்ஸில் உடைத்த பிறகும் மேலே போகிறான். சின்ன வித்தியாசம்தான், ஆனால் என் விரல் அதை ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துவிடுகிறது. 7-4க்கு மருந்து கிடைத்த இடத்தில் ஜம்ப்பில் கை வைத்துவிட்டார்கள். எதற்காக இந்த கேமை ஆடுகிறேனோ அதை விட்டுக்கொடுத்து இதை வாங்க எனக்கு மனமில்லை.

8-4ஐயும் இதோடு சேர்த்துத் திட்டுவார்கள். நான் சேர்க்கமாட்டேன். அது பைப்புகளின் புதிர். பைப்பில் இறங்கலாம் என்று 1-1இலேயே கேம் காட்டியிருக்கிறது, எனவே ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்கிறவருக்கு வழி திறக்கும். உயரத்தில் நிற்கும் ஒரு பைப்பை எட்ட, கண்ணுக்குத் தெரியாத கட்டையை முட்டி வரவழைக்க வேண்டியிருப்பது மட்டும் அநியாயம்.

இன்னொன்று. 4-2இல் மேலே வளரும் செடிக்கொடியில் ஏறிப் போனால் 8ஆம் உலகத்துக்கே குறுக்கு வழி உண்டு. 4 நிமிடம் 55 விநாடிக்குள் இந்த கேமை முடிக்கிறவர்களும் 4-2இலிருந்தே 8ஆம் உலகத்துக்குத் தாவிவிடுகிறார்கள், 7-4ஐக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. நான் குறுக்கு வழியை விரும்புவதில்லை. 5-3, 6-3 மாதிரி ஜம்ப்புக்கென்றே செய்த லெவல்கள் விட்டுப்போகும்.

ஆடும் கருவி பற்றிச் சுருக்கமாக: புதிய டிவியில் ஆடினால் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் பட்டனுக்கும் ஜம்ப்புக்கும் நடுவில் புகுந்துவிடும். போனில் தொடுதிரையில் ஆடாதீர்கள். விரலை உருட்டி உணர அங்கே மேடு பள்ளம் எதுவும் இல்லை, இந்த கேமின் பாதி போய்விடும்.

இப்போது நண்பருக்குப் பதில். இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: முதல் பழைய மரியோவாக இதை ஆரம்பிக்காதீர்கள். 1990இல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டிலிருந்து தொடங்குங்கள். திரை பின்னாலும் போகும், முன்னேற்றத்தைச் சேமித்து வைக்கும், வழி தெரியாமல் திணறினாலும் வேறு லெவலுக்குப் போய் வரலாம். ஐந்தில் எத்தனை கொடுப்பேன் என்று இந்த வாரம் கேட்டால் மூன்று. புது ரப்பரோடு ஆசையாக உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து ஆடி, 7-4இல் ஓர் அடுக்கை மறந்து, நேரம் தீர்ந்து செத்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அதற்காக மதிப்பெண்ணை மாற்றி எழுதப்போவதில்லை.

இல்லை, இதைத்தான் ஆடுவேன் என்றால் 7-4க்கான வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள், அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. உயிர்கள் தீர்ந்து தலைப்புத் திரை வந்ததும் கன்சோலை அணைத்துவிடாதீர்கள். ஏ பட்டனைப் பிடித்தபடி ஸ்டார்ட்டை அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடரலாம்.